காணாமல் போன ஐந்தாம் குழி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டின் பின்தோட்டத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுப் பெரியவர், எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற தலைமைப் பதிவாளர், சாய்வு நாற்காலியில்கூடச் சாயாமல் உட்காருபவர். அவருடைய அக்கா, நான்கு வயது மூத்தவர், அவரை “டேய்” என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். மருமகள். செயற்கைப் புல் பதிக்க வந்த மேஸ்திரி. திருட்டுப் பழி இவர்மேல்தான். துப்பறிவாளர் அம்மாள், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். அவருடைய உதவியாளர், பஸ்ஸில் இருபது வருடம் டிக்கெட் கிழித்தவர். அவரை எல்லோரும் கண்டக்டர் என்றே அழைத்தார்கள். மகன் வெளியூர் போயிருந்ததால் அவரைச் சேர்க்க வேண்டியதில்லை. மேஸ்திரியின் ஆட்கள் எட்டுப் பேர் கேட்டுக்கு வெளியே லாரியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை உள்ளே விடக்கூடாது என்பது பெரியவர் உத்தரவு.

களவு போனது ஒரு வெள்ளிக் கோப்பை. பெரியவருடைய அப்பா அறுபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் கிளப்பின் கோல்ஃப் போட்டியில் பெற்றது. அந்தக் கோப்பையை நம்பித்தான் தோட்டமே தோண்டப்பட்டிருந்தது. வீட்டிலேயே ஒரு சிறு புல்தரை, அதில் ஐந்து குழி, பந்தைக் கோலால் உருட்டிக் குழியில் தள்ளிப் பழக. பெரியவர் தம் வாழ்நாளில் கோல் பிடித்ததில்லை. அதனால் என்ன? சாம்பியன் மகன் வீட்டில் புல்தரை இல்லாமல் இருக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கிளப் தலைவரே வந்து முதல் பந்தைத் தட்டுவதாக ஏற்பாடு.

காலை எட்டு மணிக்குக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்ததும் பெரியவர் செய்த முதல் காரியம், மேஸ்திரியை அவருடைய ஆட்கள் எட்டுப் பேர் முன்னால் நிறுத்தித் “திருடன்” என்று உரக்கச் சொன்னது. இரண்டாவது, கிளப் தலைவருக்கு ஃபோன் போட்டு அதையே சொன்னது. திங்கட்கிழமை முதல் கிளப்பின் பெரிய மைதானத்துக்குப் புல் போடும் வேலை மேஸ்திரிக்கு உறுதியாகியிருந்தது. ஐந்தே நிமிடத்தில் அது கைவிட்டுப் போயிற்று. மூன்றாவதாகப் போலீஸைக் கூப்பிடப் போனவரை மருமகள்தான் மறித்து, பன்னிரண்டு மணி வரை அவகாசம் வாங்கி, துப்பறிவாளரை வரவழைத்தாள்.

“ஐயா, கோப்பையை நான் எடுக்கல,” என்றார் மேஸ்திரி. காலையிலிருந்து இது எட்டாவது தடவை. “அது கிடக்கட்டும். எனக்கு ஒரு குழியைக் காணோம்.”

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். “மேடம், பஸ்ல பர்ஸைக் காணோம்னு வந்திருக்காங்க, பல்செட்டைக் காணோம்னு வந்திருக்காங்க, ஒருத்தர் மாமியாரைக் காணோம்னு சந்தோஷமா வந்து சொன்னாரு. குழியைக் காணோம்னு கேக்கறது இதான் முதல் தடவை. திருடினவன் அதை எதுல போட்டு எடுத்துட்டுப் போயிருப்பான்?”

“பாத்தீங்களா, பேச்சை மாத்தறான்,” என்றார் பெரியவர். “நாலு குழி போட்டுட்டு அஞ்சுன்னு சாதிக்கிறான். இவனை விசாரிக்கத்தான் உங்களை வரச் சொன்னது.”

“வரச் சொன்னது உங்க மருமக,” என்றார் துப்பறிவாளர். “மேஸ்திரி, முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“பழைய புல்லைச் சீவி, அரை அடி மண்ணை எடுத்து, ஜல்லி கொட்டி, மேல கல்தூள் பரப்பி, மெஷின் விட்டு இறுக்கினோம்மா. வாட்டம் பாத்து, அஞ்சு குழி எடுத்து, அஞ்சுலயும் கொடி நடற பிளாஸ்டிக் டப்பா இறக்கினேன். நேத்து அஞ்சரைக்கு இதெல்லாம் முடிஞ்சது. புல் சுருளை அங்க பிரிச்சுப் போட்டுட்டுப் போனோம், மடிப்பு போகணும்ல. காலையில வந்து பாத்தா நாலு குழி, நாலு டப்பா. அஞ்சாவது இருந்த இடம் வழிச்சு விட்டாப்ல இருக்கு.”

“இருந்த இடம் உங்களுக்குத் தெரியாதா?”

“ஐயா ஏழு தடவை இடம் மாத்தினாரும்மா. சுவர்ப் பக்கம்னு ஞாபகம். தோண்டிப் பாக்கறேன்னா, தரையைத் தொட்டா கையை ஒடிப்பேங்கறாரு.”

“ரசமட்டம் வெச்சு நானே சரிபார்த்த தரை,” என்றார் பெரியவர் கம்பீரமாக. “அதில் ஒரு கீறல் விழக்கூடாது.”

கண்டக்டர் பெரியவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகை உற்றுப் பார்த்தார்.

“என்னய்யா பாக்கற?”

“ஒண்ணுமில்ல சார். நல்ல முதுகு.”

பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. இந்த வீட்டு முதுகுகளை இதுவரை யாரும் விமர்சித்ததில்லை.

கூடத்துக்குப் போனார்கள். சுவரில் பதித்த கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வெல்வெட் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது.

“பூட்டு உடையல,” என்றார் துப்பறிவாளர். “சாவி யார்கிட்ட?”

“ஒன்று என்னிடம். ஒன்று அக்காவிடம். வருஷத்துக்கு ஒரு தடவை அக்காதான் எடுத்துத் துடைப்பாள். வேறு யாரும் கோப்பையைத் தொடக்கூடாது. அப்பா போட்ட விதி.”

“நீங்களும் தொட்டதில்லையா?”

“விதி என்றால் விதிதான்.”

“அப்ப மேஸ்திரி மேல எப்படிச் சந்தேகம் வந்தது?”

பெரியவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். “நேற்று மத்தியானம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். கோப்பை முன்னால் நின்றான். பையிலிருந்து டேப்பை எடுத்து, கண்ணாடிக்கு வெளியில் பிடித்து அளந்தான்! திருடப் போகிறவன் தவிர வேறு யார் அளப்பான்?”

“பழக்கம்மா,” என்றார் மேஸ்திரி வாசலில் நின்றபடி. “எதைப் பாத்தாலும் கை டேப்புக்குப் போயிடும். என் கல்யாணத்துல பந்தலையே அளந்தேன். கோப்பை வாய் நாலேகால் அங்குலம். ‘அட, நம்ம குழிக்குக் கச்சிதமா இருக்கே’ன்னு சிரிச்சேன். பெரியம்மாகூட இங்கதான் உக்காந்திருந்தாங்க.”

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோப்பையில என்ன எழுதியிருக்கு?” என்றார் துப்பறிவாளர்.

“வெற்றிச் செய்தி.”

“படிச்சிருக்கீங்களா?”

“எங்க அப்பாவை நான் சரிபார்க்கணுமா?” பெரியவரின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. “எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படிதான் வைத்தார். வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தால் தற்பெருமை ஆகிவிடும் என்று. அப்படிப்பட்ட மனுஷர்.”

“அப்படியா?” என்றார் கண்டக்டர். அந்த ஒரு சொல்லில் இருந்த மரியாதைக் குறைவைப் பெரியவர் மனதில் குறித்துக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் இந்தக் கோப்பை விஷயமாத்தான் கிளப் தலைவர் ஃபோன் பண்ணாருன்னு நினைக்கறேன்,” என்றாள் மருமகள், அக்காவைப் பார்த்து. “அத்தைதான் எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை போட்டோகிராபரைக் கூட்டிட்டு வராராம். கிளப் வரலாறு புத்தகம் போடறாங்களாம்.”

“எதை போட்டோ எடுக்கறாங்களாம்?”

“அதை அத்தையைத்தான் கேக்கணும்.”

“மறந்து போச்சு,” என்றார் அக்கா. எழுபத்தெட்டு வயதிலும் இந்த வீட்டில் யார் எந்த ஸ்பூனை எந்த வருஷம் தொலைத்தார்கள் என்று சொல்லக்கூடியவர் அவர்.

துப்பறிவாளர் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். சமையலறையில் அவர் நின்றது அரை நிமிடம். அதற்குள் மருமகளிடம் கேட்டது ஒரே கேள்வி: “மாமா சட்டையை யார் தேய்ச்சது?”

“நான்தான், ஏழு மணிக்கு. ஏன்? அந்தப் பழைய இஸ்திரிப் பெட்டி கல்லு மாதிரி கனம். அத்தை புதுசு வாங்க விடமாட்டாங்க.”

“விசாரணையா, சலவைக் கடையா?” என்றார் பெரியவர்.

அக்காவின் அறை தோட்டத்தைப் பார்த்த அறை. நாற்பது வருடத்துச் செய்தித்தாள் நூல் உருண்டைகள், கழுவிக் காய வைத்த மருந்துப் பாட்டில்கள், ஒரு பக்கம் எழுதிய காகிதங்களை மடித்துத் தைத்த நோட்டுகள். அந்த அறையில் எதுவும் குப்பைக்குப் போனதில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு கற்றாழைக் கன்று இருந்தது. மண் இன்னும் ஈரம் காயவில்லை. தொட்டி மட்டும் புத்தம் புதுசு. வெள்ளை பிளாஸ்டிக், உருளை வடிவம்.

கண்டக்டர் அதைத் தூக்கினார். அடியிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டி அவருடைய செருப்பை மூடியது.

“என்னம்மா இது? தொட்டிக்கு நடுவுல இவ்ளோ பெரிய ஓட்டை! கம்பு சொருகவா?”

“தோட்டத்துல கிடந்தது,” என்றார் அக்கா. “வீணாப் போகுதேன்னு எடுத்து வெச்சேன்.”

துப்பறிவாளர் தொட்டியை வாங்கித் திரும்ப வைத்தார். கன்றை நிமிர்த்திவிட்டார். பிறகு அக்காவின் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். அக்காவும் மெதுவாகப் பதில் சொன்னார். பெரியவர் காதில் “நீங்களே சொல்லிடறீங்களா” என்பதும் “தாங்க மாட்டான்” என்பதும் விழுந்தன. வெயில் தாங்காத செடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். மணி பதினொன்று. திருடன் வாசலில் நிற்கிறான், இரண்டு பெண்கள் தோட்டக்கலை பேசுகிறார்கள்!

“மேஸ்திரி,” என்றார் துப்பறிவாளர், “தரைக்குத் தண்ணி விடுங்க.”

“எதுக்கு?” என்று பெரியவர் பதறினார்.

“வாட்டம் சரியா இருக்கான்னு பாக்கத்தான். புல் ஒட்டறதுக்கு முன்னாடி பாக்கணும் இல்லையா மேஸ்திரி?”

“ஆமாம்மா. பாக்காம ஒட்டினா மழைக்குக் குளம் கட்டும்.”

குளம் என்றதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டதைத் துப்பறிவாளர் பார்த்தார். பெரியவர் பார்க்கவில்லை.

குழாயை நீட்டி மேஸ்திரி நீர் தெளித்தார். பூப்போல, தரை முழுக்க, அவசரமில்லாமல். சாம்பல் நிறக் கல்தூள் கறுத்தது. தண்ணீர் சொன்ன வாட்டத்தில் சொன்ன மூலைக்கு நடந்தது. பெரியவரே ஒரு கணம் திருப்தியாகத் தலையசைத்தார். அப்போது சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஒரு கையகல வட்டம் மட்டும் மெல்ல அமிழ்ந்தது.

“அதோ!” மேஸ்திரி குழாயைப் போட்டுவிட்டு ஓடினார். “மெஷின் அடிச்ச தரை அசையாதும்மா. இது யாரோ கையால தட்டின இடம். என் குழி! இதுதான் என் குழி!”

பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டெடுத்தவர்போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

“எதால தட்டினாங்கன்னு தெரியுமா சார்?” என்றார் கண்டக்டர். “சட்டையைக் கழட்டிப் பாருங்க. காலையிலேர்ந்து சாட்சியை முதுகுல போட்டுட்டுத் திரியறீங்க.”

மருமகள் பெரியவருக்குப் பின்னால் வந்து பார்த்து, “ஐயோ மாமா,” என்று வாயைப் பொத்தினாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முனை கூராக, சாம்பல் நிறத்தில் ஒரு படகு. இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம், அச்சு அசலாக. விடியற்காலை கல்தூளைத் தட்டி இறுக்கிய பெட்டி, ஏழு மணிக்கு அவர் சட்டையில் ஏறியிருக்கிறது.

மேஸ்திரி கையால் தூளை வாரினார். அரையடி ஆழத்தில் வெள்ளி மின்னியது.

அந்த நிமிடம் பெரியவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. குழியும் டப்பாவும் சாவியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் யார் பெயர் வரும் என்று கூட்டிப் பார்க்க அவர் முயலவில்லை. கோப்பை கிடைத்துவிட்டது, குடும்ப மானம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். “படியுங்கள்!” என்றார் கண்டக்டரிடம். “அதில் உள்ளதை உரக்கப் படியுங்கள். வெளியில் இருக்கிறவர்களையும் கூப்பிடுங்கள். எந்த வீட்டில் கை வைக்கப் பார்த்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.”

“டேய் தம்பி, வேண்டாம்டா.”

“நீ சும்மா இரு அக்கா. படியுங்கள்!”

கேட் திறந்தது. எட்டுப் பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். கண்டக்டர் கோப்பையைக் கைக்குட்டையால் துடைத்தார், கண்ணுக்கு நேராகப் பிடித்தார், துப்பறிவாளரைப் பார்த்தார். அவர் “அவரே கேக்கறாரு” என்பதுபோல் கையை விரித்தார்.

கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில் படித்தார்:

“வருடாந்தரப் போட்டி. மைதானக் குளத்தில் அதிகப் பந்துகளை விட்டவருக்கு, சக ஆட்டக்காரர்களின் அன்பளிப்பு. மொத்தம் முப்பத்தொன்று.”

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

“முப்பத்தொண்ணா?” என்றார் மேஸ்திரி. கேலி அல்ல; அளவு என்று வந்தால் அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பெரியவர் அக்காவைப் பார்த்தார். “அப்பா ஜெயிச்சேன்னு சொன்னாரே.”

“எங்கடா சொன்னாரு? ‘போட்டியில கிடைச்சது’ன்னு சொன்னாரு. அன்னைக்கே நீ ஸ்கூல் பூரா ‘எங்க அப்பா சாம்பியன்’னு சொல்லிட்டு வந்துட்ட. உனக்குப் பத்து வயசு. உன் மூஞ்சியைப் பாத்துட்டு அவருக்கு உண்மையைச் சொல்ல மனசு வரல. எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சாரு. என்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லி ஒரு சாவியைக் கொடுத்தாரு.” அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அந்தத் தலைவர் எழுத்தைத்தான் போட்டோ எடுக்கணும்னாரு. எனக்கு வேற வழி தெரியல. மேஸ்திரி அளந்ததும் ஞாபகம் வந்தது. புல்லுக்கு அடியில போயிட்டா யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன். நீ எட்டு மணிக்கே இந்த மனுஷனைத் திருடன்னுவேன்னு எனக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சப்பறமும் மூணு மணி நேரம் பேசாம இருந்தீங்களேம்மா,” என்றார் துப்பறிவாளர். குரலில் கடுமை இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“தப்புதான்,” என்றார் அக்கா. “மேஸ்திரி, தப்பு என் மேல.”

மேஸ்திரி பெரியவர் பக்கம் திரும்பினார். “ஐயா, போலீஸ் எத்தனை மணிக்கு வராங்க?”

“வர மாட்டார்கள்.”

“சரிங்க. ஆனா கிளப்புக்கு நீங்க சொன்னது சொன்னதுதானே? திங்கக்கிழமை என் ஆளுங்க எங்க போவாங்க?”

பெரியவர் யோசித்தார். கோப்பை கிடைத்துவிட்டது, மேஸ்திரி நல்லவர் என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம். எங்கே கிடைத்தது என்று தலைவர் கேட்பார். யார் ஒளித்தது, ஏன் என்று கேட்பார். அங்கேதான் பொய் சொல்ல வேண்டி வரும். அரைகுறையாக விளக்கினால் பழியில் பாதி மேஸ்திரியிடமே தங்கிவிடும். முப்பத்தைந்து வருடம் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் கையெழுத்துப் போட்ட கை அவருடையது.

“திருடன்னு சத்தமாச் சொன்னீங்க சார்,” என்றார் துப்பறிவாளர். “இல்லைங்கறதையும் அதே சத்தத்துல சொல்லிட்டா கணக்கு நேராயிடும்.”

பெரியவர் ஃபோனைக் கேட்டார். மருமகள் எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அமுக்கிக் கையில் கொடுத்தாள். அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

“தலைவரே, காலையில் நான் சொன்னது தவறு. மேஸ்திரி திருடவில்லை. கோப்பையை ஒளித்தது எங்கள் வீட்டு ஆள். அதில் எழுதியிருப்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக. எங்க அப்பா சாம்பியன் இல்லை. குளத்தில் அதிகப் பந்து விட்டதற்குக் கொடுத்த கோப்பை அது. முப்பத்தொன்று. மேஸ்திரிக்குத் திங்கட்கிழமை வேலை இருக்க வேண்டும்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. கிழவர் சிரிப்பு, இருமலில் முடிந்தது.

“வேலையா? இருக்கு, இருக்கு, வரச் சொல்லுங்க. ஆனா ஐயா, முப்பத்தொண்ணுன்னு தெளிவா எழுதியிருக்கா?”

“தெளிவாக.”

“அப்படியா!” தலைவர் பெருமூச்சு விட்டார். “எங்க அப்பா முப்பது. ஒரே ஒரு பந்துல கோட்டை விட்டேன்னு சாகற வரைக்கும் புலம்பினாரு. எண்ணினவன் தப்பா எண்ணிட்டான்னு எங்க வீட்டுல ஒரு பேச்சு. எழுத்தை போட்டோ எடுத்துப் பாத்துடலாம்னுதான் கேட்டேன்.”

பெரியவர் முதுகு, படகோடு சேர்த்து, பழைய உயரத்துக்கு வந்தது.

“தப்பாக எண்ணவில்லை,” என்றார் அழுத்தமாக. “ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பார்க்கலாம்.”

ஃபோனை மருமகளிடம் கொடுத்துவிட்டு, எட்டுப் பேர் பக்கம் திரும்பினார். “உங்கள் மேஸ்திரி திருடன் இல்லை,” என்றார், காலையில் சொன்ன அதே குரலில், தெருமுனை வரை கேட்கும்படி. “நான் சொன்னது தப்பு.” பிறகு மேஸ்திரியிடம் மட்டும், கொஞ்சம் இறங்கி, “அந்த ஐந்தாவது குழி...” என்று இழுத்தார்.

“இடம் எங்கன்னு சொல்லுங்கய்யா,” என்றார் மேஸ்திரி. “இந்தத் தடவை எழுதிக் கொடுத்துடுங்க.”

அக்கா கற்றாழையை வேறு தொட்டிக்கு மாற்றப் போனார். கண்டக்டர் பின்னாலேயே போய், “மெதுவா இறங்குங்கம்மா, படி வழுக்கும்,” என்றார்.

பெரியவருடைய அப்பா அன்று குளத்தில் நாற்பது பந்து விட்டார் என்று கிளப்பில் இன்றைக்கும் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். முப்பத்தொன்று. கோப்பை கூடத்தில்தான் இருக்கிறது, எழுத்து இப்போது வாசலைப் பார்த்து இருக்கிறது; சந்தேகம் உள்ளவர்கள் வந்து படித்துக்கொள்ளலாம்.